ஃப்ளூ தடுப்பு: தோளில் ஊசியா, மூக்கில் ஸ்ப்ரேயா?

சேலத்தில் ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். எதைப் போட்டாலும் எதிர்பொருள் (கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம்) போதிய அளவு சேர 2 வாரமாகும்.

ஊசியில் இருப்பவை செயலிழந்த வைரஸின் துண்டுகள். 0.5 மி.லி. தோள் தசையில் இறங்கியதும் டென்ட்ரைட்டிக் செல்கள் என்னும் உளவு செல்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு, நோய் எதிர்ப்பு செல்கள் கூடியிருக்கும் அக்குள் நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே உதவி டி செல்கள் என்னும் வெள்ளணுக்களின் தூண்டுதலில், எதிர்பொருள் செய்யும் பி செல்கள் பெருகி, ஐஜிஜி (IgG) வகை எதிர்பொருளை ரத்தத்தில் விடும். மறுநாள் கை வலித்து, உடம்பு லேசாகச் சுடலாம். "ஊசியாலேயே ஃப்ளூ வந்துடுச்சு" என்பார்கள். செத்த வைரஸ் எப்படிப் பெருகும்?

ஸ்ப்ரேயில் இருப்பது வலுவிழந்த உயிர் வைரஸ். குளிர்ந்த மூக்கில் பெருகும், நுரையீரல் சூட்டில் முடங்கும். வைரஸ் நுழையும் வாசலிலேயே ஐஜிஏ (IgA) என்னும் சளிச்சவ்வு எதிர்பொருள் காவல் நிற்பது இதன் பலம். ஆனால் பெரியவர்களிடம் பழைய எதிர்பொருளே அதைப் பெருகவிடாமல் அடித்துவிடக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் கூடாது. மூக்கடைப்பு இருந்தால் தள்ளிப்போடலாம்.

அறுபது தாண்டியவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் ஊசிதான்.

தடுப்பு மருந்தோடு ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். ஐஸ் பேக்கை ஒட்டிவைத்து உறைந்துபோன ஊசி மருந்து, உருகினாலும் குப்பைக்குத்தான்.