புலிக்காட்டு ஓரத்தில் எது மேல்: தோடர் எருமையா, கலப்பினப் பசுவா?

நீலகிரியில் தோடர் பழங்குடிகள் வளர்ப்பது தோடர் எருமை. பால் கணக்கு மட்டும் பார்த்தால் ஜெர்சி கலப்பினப் பசுதான் மேல். கறவை அதிகம், சாதுவான மாடு, சொசைட்டியில் ஊற்றினால் கையில் காசு. தோடர் எருமை கொஞ்சமாகத்தான் கறக்கும். ஆனால் பாலில் கொழுப்பு 8 சதவீதம் அளவுக்கு இருக்கும்.

நீலகிரியின் புலிக்காடுகளான முக்குருத்தி, அவலாஞ்சி பக்கம் மேய்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தோடர் எருமை பாதி காட்டு விலங்கு மாதிரி. அகலமாக விரிந்து வளைந்த கொம்பு, கூட்டமாக மேயும் பழக்கம், அன்னியரைக் கண்டாலே முறைப்பு. சிறுத்தை சுலபமாக நெருங்காது. புலி விஷயம் வேறு. கூட்டத்திலிருந்து பிரிந்ததையும் கன்றையும் அடித்துவிடும். அதனால்தான் மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) இரவானால் பட்டியில் அடைக்கிறார்கள்.

கலப்பினப் பசுவுக்குத் தற்காப்பு என்று ஒன்றும் கிடையாது. விலையும் அதிகம், போனால் வீடே ஆட்டம் காணும். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்ததற்கும் புலி அடித்த ஒரு பசுவின் உடலில் வைத்த விஷம்தான் காரணம்.

என்னைக் கேட்டால், சோலைக்காட்டை ஒட்டி மேய்ச்சல் என்றால் எருமை. பசுதான் வேண்டுமா? சரி, கொட்டகையிலேயே கட்டித் தீவனம் போடுங்கள், காட்டுக்குள் ஓட்டாதீர்கள்.