சேம்பர் மியூசிக் ஆரம்பிக்க குவார்ட்டெட்டா, பியானோ சேர்ந்ததா?

மேற்கத்திய சங்கீதத்துல சேம்பர் மியூசிக் கேக்கணும், எங்கிட்டு இருந்து ஆரம்பிக்கன்னு கேட்டா பாதிப் பேரு ஒரே பதிலத்தான் சொல்றாய்ங்க, நாலு வில் வாத்தியம் வாசிக்கிற ஸ்ட்ரிங் குவார்ட்டெட் கேளு, அதுலயும் ஹைடன்ங்கிற இசையமைப்பாளரோடதக் கேளு. நான் ரெண்டு பக்கமும் கேட்டுப் பாத்துட்டேன், என் ஓட்டு பியானோ சேர்ந்ததுக்குத்தான், அதுலயும் ஷூபர்ட்ங்கிற இசையமைப்பாளரோட ட்ரவுட் குயின்டெட்டுக்கு, அஞ்சு வாத்தியம் சேர்ந்தது.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: சின்னக் குழு, ஒவ்வொரு வாத்தியத்தோட பாகத்துக்கும் ஒரே ஆள், முன்னாடி நின்னு கையாட்டி நடத்துற கண்டக்டர் பெரும்பாலும் கிடையாது, அவ்ளோதான் சேம்பர் மியூசிக். குவார்ட்டெட்னா ரெண்டு வயலின், வயலின விடக் கொஞ்சம் பெருசா ஒரு வியோலா, அதை விடப் பெருசா ஒரு செல்லோ. ட்ரவுட்ல ஒரு வயலின், வியோலா, செல்லோ, எல்லாத்துலயும் பெரிய வில் வாத்தியமான டபுள் பேஸ், பியானோ. மதுரை லட்சுமி சுந்தரம் ஹால்ல கச்சேரி கேட்டுப் பழகின காதுக்கு ஒரு விசயம்தான் புதுசு. பாட்டுக்குப் பின்னாடியே வயலின் போகுதுல்ல, அந்த மாதிரி இங்க நிரந்தரமா ஒருத்தர் முன்னாடின்னு கிடையாது, மெட்டு கை மாறிக்கிட்டே இருக்கும், அது இப்ப யாரு கையில இருக்குன்னு பிடிபட்டாத்தான் ருசியே.

குவார்ட்டெட்ல புதுக்காதுக்கு அங்கதான் இடிக்குது. நாலுமே வில் போட்டு இழுக்குற வாத்தியம், ஒரே குடும்பம். வியோலா வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழ, செல்லோ அதுக்கும் ஒரு ஸ்தாயி கீழ, அதனால நடு ஸ்தாயில மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். இதுல நம்ம ஊரு மே மாசம், ஃபேனை அஞ்சுல வச்சுட்டு போன் ஸ்பீக்கர்ல போட்டா செல்லோவோட கீழ்ச்சத்தம் ஸ்பீக்கர்லயே பாதி வராது, வியோலாவ ஃபேன் முழுங்கிரும், மிச்சம் முதல் வயலின் மட்டும்தான். அப்புறம் போரடிக்குதுன்னு மூடி வைக்காம என்ன செய்வாங்க.

பியானோல அந்தக் குழப்பம் வராது. உள்ள சுத்தியல் கம்பிய அடிக்குது, சத்தம் சட்டுனு எழும்பி உடனே தேய ஆரம்பிச்சிரும். வில் வாத்தியத்துல இழுக்குற வரைக்கும் ஸ்வரம் நிக்கும். வயலினும் மிருதங்கமும் காதுல குழம்புதா என்ன, அதே மாதிரிதான் காது தானாப் பிரிச்சிரும். கூடவே டபுள் பேஸ் கீழ்ச்சத்தத்தைப் பாத்துக்கிறதால செல்லோவுக்கு மேல வந்து பாட எடம் கிடைக்குது.

ஷூபர்ட் இதை எழுதினது 1819ல, 22 வயசுல. ஆஸ்திரியாவுல ஷ்டையர்ங்கிற ஊர்ல செல்லோ வாசிக்கிற ஒரு ரசிகருக்காக. ட்ரவுட்னா ஒரு மீன், அந்த ரசிகருக்குப் பிடிச்ச ஷூபர்ட்டோட மீன் பாட்டு ஒண்ணு, அதோட மெட்டுத்தான் நாலாவது மூவ்மெண்ட், அதாவது நாலாவது பகுதி. முதல்ல அதக் கேளுங்க, பத்து நிமிசம் கூட வராது. பியானோ சும்மா இருக்க வில் வாத்தியங்க மட்டும் மெட்டைப் போட்டுக் காட்டும், அப்புறம் முதல் சுத்துல பியானோ எடுத்துக்கும், ரெண்டாவதுல வியோலா, மேல வயலின் சுத்திச் சுத்திப் பின்னும். மூணாவது சுத்துலதான் வேடிக்கை, மெட்டு டபுள் பேஸும் செல்லோவும் இருக்குற அடிக்குப் போயிரும், மேல பியானோ வேகமா பொரிஞ்சு தள்ளும், அங்க மேல இருக்குற சத்தத்தை விட்டுட்டுக் கீழ காது குடுத்துப் பாருங்க. நாலாவது சுத்து மைனருக்கு, அதாவது சோகம் தட்டுற ஸ்வர வரிசைக்குத் திரும்பி ஒரு ஆட்டு ஆட்டும், அஞ்சாவது செல்லோ.

ஹைடனையும் சும்மா சொல்லக்கூடாது. அவரோட எம்பரர் குவார்ட்டெட்டோட ரெண்டாவது மூவ்மெண்டும் இதே வேலைதான், இன்னைக்கு ஜெர்மனி தேசிய கீதமா இருக்குற மெட்டு, ரெண்டாம் வயலின், செல்லோ, வியோலா, முதல் வயலின்னு மெட்டு மாறாம வரிசையாப் போகும். குவார்ட்டெட்லதான் ஆரம்பிப்பேன்னு அடம் பிடிக்கிறவங்க இதுல ஆரம்பிக்கலாம், ஆனா நல்ல இயர்போன் வேணும். ட்ரவுட் மட்டமான ஸ்பீக்கர்லயும் தாங்குது.

கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ட்வோர்ஷாக்ங்கிற செக் இசையமைப்பாளர் 1893ல அமெரிக்காவுல, அயோவா மாகாணத்துல லீவுல இருந்தப்ப எழுதின அமெரிக்கன் குவார்ட்டெட். வயலின்க லேசா நடுங்கிட்டு இருக்கும்போது வியோலா தனியா உள்ள வரும், ஸ ரி க ப த, அப்படியே மோகனம். அப்புறம் அது ஆதார சுருதிய விட்டு எங்கெங்கயோ போயிரும், ராகமா எதிர்பாக்காதீங்க, ஆனா வியோலா சத்தம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க இத விட நல்ல எடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நான் சொல்றதெல்லாம் ரெக்கார்டிங் கேட்டு வந்த அபிப்பிராயம். நேர்ல நாலு பேரு உக்காந்து வாசிக்கிறதப் பாத்தா எந்த வில் அசையுதுன்னு கண்ணே சொல்லிரும், அப்ப குவார்ட்டெட் மேல நான் வச்ச குறை பாதி அடிபட்டுப் போகலாம். பீத்தோவனோட கடைசிக் காலத்துக் குவார்ட்டெட்டுக பக்கம் புதுசா வர்றவங்க இப்போதைக்குப் போக வேணாம், அதுல ஒண்ணு ஏழு மூவ்மெண்டு, நடுவுல நிறுத்தமே கிடையாது, எனக்கே இன்னும் பாதிக்கு மேல பிடிபடல.