புதிய தொட்டிக்குப் பணம் வாங்கிவிட்டு எபாக்சி அப்பிக் கொடுத்த பட்டறை: ஓர் எச்சரிக்கைப் பதிவு

என் காரின் ரேடியேட்டரில் மேல்பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றிப் புதிய தொட்டி பொருத்திவிட்டதாகச் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை, உண்மையில் பழைய தொட்டியின் மேலேயே இரண்டு குழாய் எபாக்சிப் பசையை அப்பி, அதன்மேல் கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்திருந்தது. பதினோராம் நாள் பாதி வழியில் அது வாயைப் பிளந்தது. இதே வேலையை வெளியில் கொடுக்கப் போகிறவர்கள், வண்டியைத் திரும்ப வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

எபாக்சி மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. கழுத்து உடைந்த பூச்சாடி, ஆட்டம் கண்ட நாற்காலிக் கால், பிடி கழன்ற திருப்புளி என்று அந்தப் பசையால் உயிர் பிழைத்த பொருள்கள் என் வீட்டில் நிறைய உண்டு. ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, இரண்டு குழாயிலிருந்தும் சொன்ன அளவு எடுத்து நன்றாகக் கலந்து, ஒரு முழு நாள் அசைக்காமல் விட்டால் அது ஏமாற்றுவதில்லை. இவ்வளவு தெரிந்திருந்தும் என் வண்டியில் அது பூசப்பட்டிருந்ததை நான் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

வண்டியைத் திரும்பப் பெற்ற அன்று தொட்டி புத்தம் புதிதாகப் பளபளத்தது. பழைய தொட்டியைக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டது என்றார் பட்டறை உரிமையாளர். பில்லில் உதிரி பாகத்தின் பெயரோ எண்ணோ இல்லை, ‘ரேடியேட்டர் வேலை’ என்று ஒரே வரி மட்டும் இருந்தது. பானட்டைத் திறந்தபோது அழுகிய முட்டையைப் போன்ற மெல்லிய நாற்றம் ஒன்று மூக்கில் பட்டது. பட்டறை என்றால் பத்து விதமான வாடை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்து, மூடிவிட்டுக் கிளம்பினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை எபாக்சியின் ஹார்டனரில், அதாவது பசையை இறுகவைக்கும் இரண்டாவது குழாயில், பெரும்பாலும் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கும். அந்த நாற்றம் அதனுடையது. வீட்டில் எத்தனையோ முறை முகர்ந்த வாடைதான் என்றாலும், காருக்குள் அதை எதிர்பார்க்காததால் எனக்கு அது உறைக்கவில்லை.

பதினோராம் நாள் ஒரு நீண்ட ஏற்றத்தில் வெப்பமானியின் முள் நடுவிலிருந்து நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. அதை நான் கவனிப்பதற்குள் பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு, முக்கால் மணி நேரம் மூடியில் கை வைக்காமல் காத்திருந்தேன். ரேடியேட்டர் மூடி உள்ளே வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விலகி, உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

இழுவை வண்டியில் ஏற்றி வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அங்கிருந்த மெக்கானிக் தொட்டியின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினார். ஆறிய புண்ணின் பொருக்கு போல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. மேலே கறுப்புச் சாயம், உடைந்த விளிம்பில் சாம்பல் நிறம். அவர் அதைத் திருப்பி என்னிடம் நீட்டினார். அடிப்பக்கம் கண்ணாடி போல வழுவழுவென்று மின்னியது. அதன் நடுவில், தொட்டியை வார்க்கும்போதே அதில் பதித்திருந்த ‘பிஏ66-ஜிஎஃப்30’ என்ற குறியீடு, ரப்பர் முத்திரையில் இருப்பதைப் போலத் தலைகீழாக, ஓர் எழுத்துகூடச் சிதையாமல் பதிந்திருந்தது.

அந்த அடிப்பக்கமே சாட்சி. தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் பசை ஒட்டியிருந்தால், கழன்று வரும்போது உப்புத்தாளின் கீறல்கள் அதில் பதிந்திருக்கும். நன்றாகப் பிடித்திருந்தால் பசையே நடுவில் உடைந்து பாதி தொட்டியிலும் பாதி கையிலுமாக இருக்கும். வார்ப்பெழுத்து அப்படியே பிரதியாகி வந்திருக்கிறது என்றால், அந்த இடத்தில் ஒரு தடவைகூட உப்புத்தாள் படவில்லை என்று பொருள். ரேடியேட்டருக்குள் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் கசிந்து ஊறிய பிளாஸ்டிக்கை அவர்கள் துடைத்தார்களா என்பதும் சந்தேகமே.

குறியீட்டையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பிளாஸ்டிக்கை ஒட்டக் கொடுக்கும் எவருக்கும் அது உதவும். முதற்பகுதி நைலானையும், அடுத்தது அதில் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்திருப்பதையும் குறிக்கிறது. நன்றாகத் தயார் செய்தால் நைலானில் எபாக்சி ஓரளவு பிடிக்கும். ‘பிபி’ என்று போட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். கார் பம்பர்கள் பெரும்பாலும் அதைச் சார்ந்த கலவைகள்தான், வாளிகளும் பல டப்பாக்களும்கூட அதில் செய்தவையே. அதிலும் பாலிஎத்திலீனிலும் சாதாரண எபாக்சி பிடிக்கவே பிடிக்காது. ‘பிபி’ பம்பரைப் பசையால் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பசை பிடிப்பதற்காக முதலில் பூசும், அதற்கென்றே உள்ள பிரைமரோ, உருக்கி இணைக்கும் பிளாஸ்டிக் வெல்டிங்கோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

என் தொட்டியில் ஒட்டுதல் சரியாக இருந்திருந்தாலும் அது தாங்கியிருக்காது. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண வீட்டு எபாக்சிகள், குறிப்பாக ஐந்து நிமிட வகைகள், பெரும்பாலும் 50 அல்லது 60 டிகிரியைத் தாண்டினாலே கல் தன்மையை இழந்து இளகத் தொடங்கும். கூலண்டோ சாதாரண ஓட்டத்திலேயே 90 டிகிரியை ஒட்டி இருக்கும், அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அதிக வெப்பத்துக்கென்று வரும் எபாக்சிகள் உண்டு; அவை மெதுவாக இறுகுபவை, சிலவற்றைச் சூடேற்றித்தான் முழுமையாகப் பதப்படுத்த முடியும். மாலையில் வண்டியை விட்டு மறுநாள் காலையில் எடுத்துப்போகும் வேலையில் அதற்கெல்லாம் நேரமில்லை. அதற்கும் மேலாக, ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் கூலண்டிலும் கிடந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்ட தொட்டியில், மேலே எதைப் பூசினாலும் அடியில் விரிசல் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

கழன்ற துண்டை எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்கே திரும்பப் போனேன். உரிமையாளர் முதலில் அது தன் பட்டறை வேலையே இல்லை என்றார். துண்டின் ஒரு மூலை பதினோரு நாள் கழித்தும் மெழுகைப் போல மெத்தென்று இருந்தது. நகத்தை அழுத்தினால் பிறை வடிவில் பள்ளம் விழுந்தது. அதைக் காட்டி, இது ஏன் இறுகவில்லை என்று பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் கேட்டேன். அந்தப் பையன் கள்ளமில்லாமல், “சீக்கிரம் பிடிக்கட்டும்னு ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாப் போட்டேன் சார், பட்டிக்கு அப்படித்தானே போடுவோம்” என்றான். உரிமையாளரின் மறுப்பு அத்தோடு முடிந்தது.

பையன் சொன்னது பொய்யில்லை, தவறு மட்டுமே. பெயின்ட் வேலைக்கு முன் ஒடுக்குகளில் அடைக்கும் பட்டி பாலியெஸ்டர் வகை. அதில் சேர்க்கும் கொஞ்சூண்டு ஹார்டனர் வேதிவினையைத் தூண்டிவிடும் வேலையைத்தான் செய்கிறது, ஆகையால் ஒரு வரம்புக்குள் சற்றுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்சியில் ஹார்டனர் மற்றக் குழாயில் உள்ள ரெசினோடு அளவுக்கு அளவு இணைந்து தானும் பசையின் பகுதியாகிவிடுகிறது. மிஞ்சுவது இணைய ஆள் இல்லாமல் அப்படியே தங்கி, பசையைப் பல நாளானாலும் மெத்தென்றே வைத்திருக்கும். சீக்கிரம் இறுக வேண்டுமானால் மிதமாகச் சூடு காட்டலாமே தவிர, அளவை மாற்றக் கூடாது. இது தெரியாத பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சாயம் அடித்தது தெரியாமல் செய்த காரியமில்லை. “தொட்டி கிடைக்கவில்லை, பசை போட்டிருக்கிறேன், மெதுவாக ஓட்டுங்கள்” என்று சொல்லியிருந்தால், அந்த ஏற்றத்துக்கே நான் போயிருக்க மாட்டேன்.

இரண்டாவது மெக்கானிக் காட்டிய இன்னொரு தடயம், பசை கழலும் வரை காத்திருக்காமல் யாரும் முன்கூட்டியே பார்க்கக்கூடியது. பிளாஸ்டிக் தொட்டி அலுமினியப் பகுதியோடு ஒட்டப்பட்டிருக்காது. நடுவில் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் வைத்து, சுற்றிலும் வரிசையாக உள்ள அலுமினியப் பற்களை மடக்கி இறுக்கியிருப்பார்கள். தொட்டியை மாற்ற வேண்டுமானால் அந்தப் பற்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மறுபடியும் மடக்க வேண்டும், அப்படி மடக்கிய இடத்தில் புதிய கீறல்கள் வெள்ளையாகத் தெரியும். என் ரேடியேட்டரின் பற்களில் பழைய புழுதி படிந்தபடியே இருந்தது. சிலவற்றின் மேல் மட்டும் கறுப்புச் சாயம் தெறித்திருந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தொட்டிக்கு வாங்கிய பணத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சூட்டில் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் உள்ள கேஸ்கெட்டும் போய்விட்டதால், அந்தச் செலவு ரேடியேட்டரின் செலவைவிடப் பெரிதாக வந்து நின்றது. அதில் பாதியையாவது கேட்டேன். முள் ஏறுவதைப் பார்க்காமல் ஓட்டியது நான்தான் என்றார். அது கொஞ்சம் உண்மை என்பதால் என்னால் அதிகம் வாதாட முடியவில்லை. இழுவை வண்டிக் கூலியையும் நானே கொடுத்தேன். இப்போது புதிய ரேடியேட்டர் ஓடுகிறது. பழையதை இந்த முறை கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.