தோள்பட்டையத் தொட்டே பாக்காம 18,000 பேக்கேஜ் – வடசென்னை மக்களே உஷார்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருக்குறவங்க இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்கபா. ஒரு கிளினிக்ல நான் ஏமாந்த கத இது. எடத்தோட பேர போட மாட்டேன், போட்டா என் மேலயே கேஸ் போடுவானுங்க. நம்ம ஏரியாலதான், மாடில, "ஆபரேஷன் இல்லாம மூட்டு வலிக்குத் தீர்வு"ன்னு ஃப்ளெக்ஸ் வெச்சி நடத்துறானுங்க.

எனக்கு வயசு 51, சுகர் 9 வருஷமா இருக்கு. தை மாசம் இடது தோள்ல லேசா வலி ஆரம்பிச்சிச்சு, தைலம் தடவிட்டு விட்டுட்டேன். ஒரு நாள் ஷேர் ஆட்டோல இருந்து எறங்கி பின்பாக்கெட்ல பர்ஸ எடுக்கப் போறேன், கை பின்னால போவவே இல்ல. ஆட்டோக்காரர் "இன்னா சார், டைம் ஆவுது"ன்றாரு, பக்கத்துல இருந்த காலேஜ் பையன விட்டு என் பாக்கெட்ல இருந்து எடுக்க வெச்சேன், அவ்ளோ அசிங்கமா போச்சு. நைட்டு அந்தப் பக்கம் ஒருக்களிச்சி படுக்கவே முடியாது.

எதிர்வீட்டு அக்கா சொல்லி அங்க போனேன். வெள்ளக் கோட்டு போட்டவரு ஒருத்தர். சட்டையக் கழட்டச் சொல்லல, கையத் தூக்கச் சொல்லல, சுகர் இருக்கான்னு கூட கேக்கல. கையில ஒரு இரும்புக் கம்பிய குடுத்து ஒரு நிமிஷம் புடிக்கச் சொன்னாரு, கம்ப்யூட்டர்ல இருந்து கலர் கலரா நாலு பக்கம் பிரிண்ட் வந்துச்சு, அதுல எலும்புத் தேய்மானம், நரம்பு அடைப்பு, லிவர் வீக்னு என்னென்னவோ. ஏங்க நான் தோளுக்கு வந்தேன், லிவர் எங்கேர்ந்து வந்துச்சு? அப்பவே எழுந்து வந்திருக்கணும், புத்தி வேலை செய்யல. 12 சிட்டிங் 18,000, இன்னிக்கே கட்டினா 14,000ன்னாரு, 10,000 ஜிபே பண்ணிட்டேன். பணம் போனது கிளினிக் பேருக்கு இல்ல, யாரோ தனி ஆள் பேருக்கு. பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல சீல் கூட இல்ல.

முதல் ரெண்டு சிட்டிங் எண்ணெய், கரண்ட் மெஷின், அப்புறம் ரெண்டு பேர் புடிச்சி கைய டக்குனு மேல தூக்குனானுங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சி. மூணாவது நாள் தோள்ல ஒரு ஊசி. என்ன ஊசின்னு கேட்டா "வலி ஊசி சார்"னு மட்டும் பதில். மறுநாள் வாய் வறண்டு போயி ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடந்தேன், காலைல மெஷின்ல பாத்தா சுகர் 368. எனக்கு அதுவரைக்கும் 200 தாண்டினதே இல்ல.

பயந்து போய் அடுத்த நாளே ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. கூட்டம் சொல்லவே வேணாம், ஓபி சீட்டு வாங்கவே ஒரு மணி நேரம், ஆர்த்தோ, அதான் எலும்பு டாக்டர், வாசல்ல இன்னொரு ரெண்டு மணி. ஆனா உள்ள இருந்த டாக்டர் தம்பி, என் பையன் வயசுதான் இருக்கும், முதல்ல சட்டையக் கழட்டச் சொல்லி பின்னால நின்னு ரெண்டு தோளையும் ஒண்ணா வெச்சிப் பாத்தாரு. அழுத்திப் பாத்தாரு. கழுத்தத் திருப்பச் சொன்னாரு, ஏன்னா கழுத்து நரம்புல பிரச்சனைன்னாலும் தோள்ல வலி வருமாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்குறதெல்லாம் உண்டான்னு கேட்டாரு. நானா எவ்ளோ தூக்குறேன்னு பாத்துட்டு அப்புறம் அவரே என் கையப் புடிச்சி மெதுவாத் தூக்குனாரு. கடைசியா முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சி முன்கைய வெளிப்பக்கமா திருப்புனாரு, வலது கை சுலபமா போச்சு, இடது கை தாப்பா போட்ட கதவு மாதிரி கொஞ்ச தூரத்துலயே நின்னுடுச்சி.

"அண்ணே, நீங்க தூக்குனாலும் வரல, நான் தூக்குனாலும் வரல. தசை மட்டும் கிழிஞ்சிருந்தா நான் தூக்கும்போது வந்துடும். இது ஃப்ரோஸன் ஷோல்டர், மூட்ட சுத்தி இருக்குற உறை இறுகிப் போச்சு, சுகர் இருக்கவங்களுக்கு ஜாஸ்தி வரும்"னாரு. எக்ஸ்ரே எடுத்தாங்க, அதுல தேய்மானமும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த நாலு பக்கத்த நீட்டுனேன், வாங்கிப் பாத்துட்டு சிரிச்சிக்கினே திருப்பிக் குடுத்துட்டாரு. ஊசி ஸ்டீராய்டா இருக்கலாம், சீட்டு இல்லாம அடிச்சி சொல்ல முடியாது, இதுக்கு நாங்களும் போடுறதுதான், ஆனா சுகர் பாத்துட்டு, சில நாள் ஏறும்னு சொல்லிட்டுத்தான் போடுவோம்னாரு.

வைத்தியம் என்னன்னு பாத்தீங்கன்னா, டேபிள்ல நல்ல கைய ஊனி குனிஞ்சி இந்தக் கைய தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டணும், செவுத்துல விரலால பல்லி மாதிரி மேல ஏறணும், முதுகுக்குப் பின்னால துண்டப் புடிச்சி நல்ல கையால இழுக்கணும். சுடுதண்ணி ஒத்தடம், வலி மாத்திரை, சுகர் கன்ட்ரோல். முழுசா சரியாவ ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆவும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. "12 சிட்டிங்ல கேரண்டி"ன்னு சொன்னவன் எங்க, இவங்க எங்க.

காசக் கேட்டுப் போனா "பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாது"ன்றானுங்க. டாக்டர் ரிஜிஸ்டர் நம்பர் குடுங்கன்னு கேட்டேன், இங்கிலீஷ் வைத்தியம் பாக்குற டாக்டர்னா தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல பதிவு இருந்தே ஆவணும்ல, அந்தக் கேள்விக்கு அப்புறம் ரிசப்ஷன் பொண்ணு "சார் வெளியூர் போயிருக்காரு"ன்னுச்சு. நேத்து கூட அவனுங்க போன் பண்ணி மீதி 4,000 எப்போ கட்டுவீங்கன்னு கேக்குறானுங்க.

செவுத்துல இப்போ விரல் காதுக்கு மேல வரைக்கும் போவுது. பர்ஸு இன்னும் சட்டைப் பாக்கெட்லதான்.