மூன்று மாதமாகக் குடிக்கும் உஜி செஞ்சா: என் அனுபவம்

கிரீன் டீ என்றாலே கசக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் ஆறேழு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் ஓசாகாவிலிருந்து வந்த தம்பி, செஞ்சா என்ற ஜப்பானிய கிரீன் டீயில் 100 கிராம் பாக்கெட் மூன்று கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குடிக்கப் பழகிய பிறகுதான், இத்தனை நாள் கசந்ததற்குப் பெரும்பாலும் நான் ஊற்றிய கொதிநீரே காரணம் என்று புரிந்தது. கியோட்டோவுக்குத் தெற்கே, உஜிக்குப் பக்கத்தில் உஜிதவாரா என்று மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு சின்னக் கடையில் வாங்கினானாம். பாக்கெட் 1,200 யென், நம் காசுக்கு 700 ரூபாய் பக்கம் வரும்.

பாக்கெட்டைக் கத்தரித்துத் தட்டில் கொட்டினேன். டீ பையில் பார்த்த தூளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இலைகள் சவுக்கு ஊசி மாதிரி மெல்லிசாகச் சுருண்டு, கரும்பச்சையாக, லேசான மினுமினுப்போடு இருந்தன. விரலால் அழுத்தினால் சட்டென்று ஒடிந்தன. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "என்னடா, முருங்கைக்கீரை உருவும்போது வர்ற வாசனை வருது" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப்போகும், வெந்நீரில் போட்டு எடுத்தால் கறுக்காது. தேயிலையும் அப்படித்தான். பிளாக் டீக்கும் கிரீன் டீக்கும் செடி ஒன்றே. பறித்த இலையைக் கசக்கி, காற்றுப்பட்டுக் கறுக்க விட்டால் பிளாக் டீ, பறித்தவுடன் சூடு காட்டி அந்தக் கறுப்பை நிறுத்தினால் கிரீன் டீ. சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுத்து நிறுத்துவார்கள், அதனால் ஒரு வறுகடலை மணம் வரும். ஜப்பானில் ஆவியில் வேகவைத்து நிறுத்துகிறார்கள், அதுதான் இந்தக் கீரை வாசனை. உஜிதவாராவில் பிறந்த நாகத்தானி சோயென் என்ற விவசாயி 1738இல் இதற்கு ஒரு வழி கண்டார். இளம் இலையை ஆவியில் காட்டி, அடியில் கரி நெருப்பு வைத்த மேடையில் போட்டு, கையாலேயே உருட்டி உருட்டிக் காயவைத்தார். அதுவரை சாதாரண மக்கள் குடித்த தேநீர் பழுப்பு நிறம்தான், நல்ல பச்சை நிறத்துத் தேநீர் பணக்காரர்களுக்கும் மடங்களுக்கும் போன, இலையை அரைத்த மச்சாப் பொடியாக மட்டுமே இருந்தது. இன்றைய செஞ்சா அந்த மனிதர் கையில் உருண்டதிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு ஊசி இலையையும் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

சரி, போடும் விதம். கொதிக்கக் கொதிக்க ஊற்றவே கூடாது. 70 டிகிரி போதும். தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 10 டிகிரி இறங்கும் என்பது ஜப்பான்காரர்களின் கணக்கு. இது நமக்குக் கைவந்த வேலையல்லவா? டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு, மறுபடி டபராவுக்கு என்று மூன்று முறை மாற்றினால் தண்ணீர் தயார். இரண்டு பேருக்கு 5 கிராம் இலை, ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். 150 மில்லி தண்ணீர், ஒரு நிமிடம். வடிகட்டும்போது கடைசிச் சொட்டு வரை ஒட்ட வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மிச்சத் தண்ணீரில் ஊறி, அதே இலையில் போடும் அடுத்த சுற்று கசந்துவிடும். இன்னொன்று, எங்கள் வீட்டு போர் தண்ணீரில் போட்டால் சாறு மங்கி, சுவை செத்துப்போகிறது. கேன் தண்ணீரில் போட்ட அன்றுதான் அந்த இளம் மஞ்சள் பச்சை நிறத்தையே கண்ணால் பார்த்தேன்.

முதல் சுற்றில் கசப்பு இல்லை. பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீரைத் தெளிவாக இறுத்துக் குடித்தால் நாக்கில் ஒரு கனம் நிற்கும் பாருங்கள், அந்தக் கனமும் பின்னால் ஒரு தித்திப்பும். இதற்குக் காரணம் தியானின் என்ற அமினோ அமிலம், 1949இல் ஜப்பானிலேயே பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தது. அது குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடுகிறது, கசக்கும் கேட்டச்சின்கள் என்ற துவர்ப்புப் பொருட்களும் காஃபீனும்தான் சூடு ஏற ஏற அதிகமாக இறங்குகின்றன. இரண்டாம் சுற்றுக்குக் கொஞ்சம் சூடு கூட்டி, 15 நொடி மட்டும் ஊறவைத்தேன். லேசான துவர்ப்பு வந்தது, எனக்குப் பிடித்தது இந்தச் சுற்றுதான். மூன்றாவது வெறும் இதமான வெந்நீர் மாதிரி. அதற்குள் ஊசிகளெல்லாம் விரிந்து முழு இலையாகக் கிடக்கும். அந்த இலையை ஜப்பானில் சோயா சாஸ் விட்டுச் சாப்பிடுவார்களாம், நான் கொஞ்சம் உப்பும் நல்லெண்ணெயும் விட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

உடம்புக்கு நல்லதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வயது 800 வருடத்துக்கு மேல். சீனாவிலிருந்து 1191இல் தேயிலை விதையோடு திரும்பியதாகச் சொல்லப்படும் எய்சாய் என்ற ஜென் துறவி, தேநீரால் ஆயுள் வளரும் என்று 1211இல் ஒரு நூலே எழுதினார். 1214இல் உடம்பு சரியில்லாமல் கிடந்த ஷோகன் (நாட்டின் ராணுவ ஆட்சித் தலைவர்) சனேதொமோவுக்குத் தேநீரையும் நூலையும் சேர்த்தே கொடுத்தார். ஆக, அன்றைக்கே இதை மருந்தாகத்தான் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு ஆராய்ச்சிகள் சொல்வது அதைவிட அடக்கமானது. ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 40,530 பேரைப் பல வருடம் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்கு 5 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் ஏற்பட்ட மரணம் குறைவாக இருந்தது, பெண்களிடம் இன்னும் தெளிவாக. புற்றுநோய் மரணத்தில் அப்படி வித்தியாசம் எதுவும் இல்லை. அதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், கிரீன் டீயால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

எடை குறைப்பு பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. முன்பு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "பத்தே நாளில் வித்தியாசம்" என்று போட்டிருந்த டப்பாவை வாங்கி இரண்டு மாதம் குடித்தேன், எடை அப்படியே நின்றது. பல பரிசோதனைகளை ஒன்றாக அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2012ஆம் வருட அறிக்கையும், குறையும் எடை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்றுதான் முடிக்கிறது. மாத்திரையாக விற்கும் கிரீன் டீ சாறு இன்னும் மோசம். அதில் இருக்கும் ஈஜிசிஜி (முன்பு சொன்ன கேட்டச்சின்களில் ஒன்று) ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்திருக்கிறது. கோப்பையில் போட்டுக் குடியுங்கள், மாத்திரை பக்கம் போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9க்கு இறங்கிவிட்டது. சாப்பாட்டில் கீரை, பேரீச்சை எதற்கும் குறைவில்லை. டாக்டர், "சாப்பிட்டதும் என்னம்மா குடிப்பீங்க?" என்று கேட்டார். மதியம் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு கிரீன் டீ, ஜீரணத்துக்கு நல்லது என்று நான்தான் பழக்கியிருந்தேன். தேநீரில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் கீரையிலும் பருப்பிலும் வரும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். அன்றைக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது. இரும்பு மாத்திரையும் கொடுத்தார், டீ நேரத்தையும் மாற்றினோம், ஆறு மாதத்தில் 11க்கு வந்தது. இப்போது காலை பதினோரு மணிக்கு, சாப்பாட்டிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் குடிக்கிறார். ரத்த சோகை இருப்பவர்களும், வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க), நாடோலால் (ரத்த அழுத்தத்துக்கு) போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

குறைகள் உண்டு. பாக்கெட்டில் எழுதியிருப்பது முழுக்க ஜப்பானிய மொழி, போடும் விதமெல்லாம் தம்பியிடம் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிரித்த பிறகு சென்னை ஈரக்காற்றில் மூன்று வாரத்துக்குமேல் மணம் நிற்பதில்லை. முதல் பாக்கெட்டின் கடைசிப் பகுதி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பிரிக்காத பாக்கெட்டுகளை ஃபிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்துக் குளிர் நன்றாக விட்ட பிறகே பிரிக்க ஆரம்பித்தோம். விலையை நினைத்துத் தயங்க வேண்டாம். 100 கிராமில் 20 தடவை போடலாம், ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு மூன்று சுற்று, கணக்குப் பார்த்தால் கோப்பைக்கு ஆறு ரூபாய்தான். ஜப்பான் இலை கிடைக்காவிட்டால் குன்னூர், கோத்தகிரி பக்கம் விற்கும் முழு இலை கிரீன் டீயை வாங்கி, இதே டபரா முறையில் ஆற்றிய தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சுவை வேறுதான், ஆனால் டீ பையை விட எவ்வளவோ மேல்.

இப்போது கடைசிப் பாக்கெட்டில் நாலைந்து தடவைக்குத்தான் இலை இருக்கிறது. மே மாதம் முதல் பறிப்பு இலை கடைக்கு வருமாம், ஷிஞ்சா என்பார்கள். தம்பியிடம் இந்தத் தடவை ஐந்து பாக்கெட் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா தனியாக அவனுக்குப் போன் போட்டு, "எனக்கு ரெண்டு சேர்த்து வாங்குப்பா" என்றாராம்.