ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் ஒரு நாள்

கட்டடக்கலையில் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பும் இரண்டாண்டு மேற்படிப்பும் முடித்த பிறகும், காரைக்குடியில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முதல் வேலை கைக்கு வந்தபோது, இதற்கு நான் தகுதியானவன்தானா என்ற ஐயம் என்னை உறங்கவிடவில்லை. சாதித்த பின்னும் தம்மைப் போலி என்று அஞ்சும் இந்த மனநிலையைப் பற்றி உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இலேயே எழுதியிருப்பதை அறிவேன். அறிந்ததால் பயம் குறையவில்லை.

தரைக்கல் வாங்கத்தான் ஆத்தங்குடியில் உள்ள இந்தச் சிறு பட்டறைக்குப் போனேன். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, வண்ணச் சிமெண்ட்டுக் குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சை நேராகத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணல் சிமெண்ட்டுக் கலவையைத் தூவி, ஈரக் கலவையால் மூடி அழுத்துகிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறித்தான் கல் இறுகுகிறது. கேட்டதும் என்னையும் செய்து பார்க்கவிட்டார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கியதில் சிவப்பு பச்சைக்குள் வழிந்துவிட்டது. நெடுங்காலமாக இதே வேலை செய்யும் பெரியவர், "எனக்கும் காலையில முதல் கல்லுக்குக் கொஞ்சம் உதறத்தான் செய்யும் தம்பி" என்று சொல்லி, அடுத்த கண்ணாடியைத் துடைத்து என் முன் வைத்தார். அந்த ஒரு சொல்லுக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

நான் வாங்கிய கற்கள் மழையால் பத்து நாள் தாமதமாக வந்தன, அதைப் பட்டறையினர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கைவேலை என்பதால் நிறம் சற்று மாறுபடும். ஆகவே தேவைக்கு மேல் சில கற்களைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். வழிசல் இல்லாமல் வந்த என் மூன்றாவது கல், அந்தக் காரைக்குடி வீட்டின் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியின் ஓரத்தில் பதிந்திருக்கிறது.