சமரேல் ரம் ஆலை: பீப்பாய் வாசம் புடிக்கப் போன கதை

ஊர்லேர்ந்து யாராவது மொரிஷியஸ் வர்றேன்னு சொன்னா பீச் பத்தி கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி வந்துடும், "மச்சி, அங்க ரம் சூப்பராமே, எது வாங்கலாம்?" அஞ்சு வருஷமா இங்க மொரிஷியஸ்ல எபேன்ங்கற ஊர்ல குப்பை கொட்டிட்டிருக்கேன், இதுவரைக்கும் ஆளுக்கு ஒரு பதில் சொல்லி சமாளிச்சாச்சு. இப்ப சமரேல் ரம் ஆலைக்கு ரெண்டாவது தடவை போயிட்டு வந்தேன், அதான் எழுதியே வச்சிடலாம்னு.

மொத தடவை போனது தைப்பூசக் காவடி முடிஞ்ச கையோட, பிப்ரவரில. அது தப்பு. இங்க கரும்பு வெட்டறது ஜூன் ஜூலைல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும்தான், மத்த மாசத்துல போனா கழுவித் தொடச்சு வச்ச மிஷினை சுத்திப் பாத்துட்டு வரலாம், கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபத்துக்குப் போன மாதிரி. அதனால இந்தத் தடவை அக்டோபர் மொத வாரம். ஆனா ரம் ருசி பாக்கப் போறவனுங்க வண்டி ஓட்டக் கூடாது, சமரேல் ஏத்தம் வேற நம்ம கொல்லிமலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். யார் ஓட்டறது? கூட வேலை பாக்கற ரோஸ் ஹில் அண்ணன் தானா முன்வந்தார். அவங்க குடும்பம் பல தலைமுறைக்கு முன்னாடி கப்பல் ஏறி வந்த தமிழ்க் குடும்பம், கோயில் வகுப்புல படிச்ச தமிழும் இங்கத்து பேச்சு மொழி கிரியோலும் கலந்து பேசுவார். "தம்பி, எனக்கு கோவிந்தன் விரதம், ஒரு சொட்டு தொட மாட்டேன், நான் ஓட்டறேன்"னார். புரட்டாசி மாசம் இங்க கறி, மீன், சரக்கு எல்லாமே கட். இதைவிட நம்பகமான டிரைவர் உலகத்துல கிடையாது.

சரி ஆலைக்கு வருவோம். ஆரம்பிச்சது 2008. உலகத்துல பெரும்பாலான ரம் சக்கரை எடுத்தது போக மிஞ்சற மொலாசஸ்லேர்ந்து வர்றது, இவங்க அப்படி இல்ல, சொந்தத் தோட்டத்துக் கரும்பைப் பிழிஞ்சு சாறை நேரா ஊற வைக்கறாங்க. கரும்புச்சாறு கடை போட்டவங்களுக்குத் தெரியும், ரொம்ப நேரம் வச்சா புளிச்சிடும், அதனால வெட்டின கரும்பை உடனே பிழிஞ்சாகணும், சாறு வேற ஊர்லேர்ந்து லாரில வர்ற கதையே ஆகாது. பக்கத்துல நின்னு பாக்கும்போது ஊறல் தொட்டியிலேர்ந்து வர்ற வாசம் அப்படியே பனங்கள்ளு இறக்கற இடத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. அண்ணன் ரெண்டடி பின்னால போய் நின்னுகிட்டார், வாசத்துக்கு விரதம் முறியுமான்னு சந்தேகம் போல.

ஏன் இந்தத் தீவுல திடீர்னு இவ்வளவு ரம் ஆலைன்னு கேட்டா பின்னால ஒரு சக்கரைக் கதை இருக்கு. ஐரோப்பா ரொம்ப வருஷமா நல்ல உறுதியான விலை குடுத்து இங்கத்து சக்கரையை வாங்கிட்டு இருந்துச்சு, 2006லேர்ந்து அந்த விலையை படிப்படியா 36 சதவீதம் வெட்டிட்டாங்க. வெறும் சக்கரையை நம்பி இருந்தா கட்டுப்படியாகாதுன்னு கரும்புத் தோட்டக்காரங்க வேற வழி தேட ஆரம்பிச்சாங்க, ரம் அதுல ஒண்ணு. அண்ணனோட தாத்தா வாழ்க்கை முழுக்க கரும்பு வெட்டினவர். "தாத்தா வெட்டினப்ப இந்தக் கரும்புக்கு ஃபிரெஞ்சுல பேர் வச்சு பாட்டில்ல விப்பாங்கன்னு சொன்னா சிரிச்சிருப்பார்"னு சொல்லிட்டு அவரே சிரிச்சார்.

இப்ப பீப்பாய் அறை. உள்ள இருட்டா, சில்லுனு, வெனிலாவும் மரத்தூளும் கலந்த வாசம், இதுக்காகவே டிக்கெட் காசு செரிச்சிடும். வடிச்சு எடுத்த ரம் பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கும், அந்த நிறம், வெனிலா, தேங்காய், லேசான புகை எல்லாமே ஓக் மரம் குடுக்கறது. அமெரிக்கால பர்பன் விஸ்கிக்கு ஒரு சட்டம், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாயில மட்டும்தான் வைக்கணும். அதனால ஒரு தடவை பர்பன் வச்ச பீப்பாய் அவங்களுக்கு அடுத்த பர்பனுக்கு ஆகாது, அந்த 200 லிட்டர் பீப்பாய்ங்கதான் உலகம் பூரா ரம், டெக்கீலா, பீர்னு ஊர் ஊரா சுத்துது. நம்ம வீட்டு ஊறுகா ஜாடி மாதிரிதான், எவ்வளவு கழுவினாலும் பழைய மாங்காய் வாசம் போகாது, அடுத்து போடற எலுமிச்சைக்கு அதுல ஒரு பங்கு ஏறிடும்.

இங்கதான் நம்மாளுங்க ஏமாந்து போறது. '12 வருஷ விஸ்கி இருக்கே, 6 வருஷ ரம் என்ன பெருசு'ன்னு கேப்பாங்க. ஸ்காட்லாந்து குளிர்ல பீப்பாயிலேர்ந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம்தான் ஆவியாகும், அதுக்கு தேவதைங்க பங்குன்னு பேர் வச்சிருக்காங்க. நம்ம மாதிரி சூட்டு நாட்டுல தேவதைங்களுக்கு தாகம் ஜாஸ்தி, 6, 8 சதவீதம் வரைக்கும் போகும்னு சொல்றாங்க. 7ன்னு வச்சு கணக்கு போட்டா 200 லிட்டர் ஊத்தின பீப்பாயில ஆறு வருஷம் கழிச்சு 130 லிட்டர்கிட்டதான் மிஞ்சும். வெயில்ல மரமும் வேகமா சாறு விடும், அதனால இங்கத்து 6 வருஷத்தை குளிர் நாட்டு 6 வருஷத்தோட ஒப்பிடறதே வேஸ்ட்.

ருசி பாத்ததுல வெள்ளை ரம் எனக்கு ஒத்து வரல, பச்சைக் கரும்பு வாசம் தூக்கலா இருக்கும், கரும்புத் தோட்டத்துல வளந்தவங்களுக்கு ஒருவேளை அதுதான் புடிக்கும். வெனிலா, காபி போட்ட இனிப்பு லிக்கர் எல்லாம் வீட்டம்மாவுக்கு புடிச்சுது, எனக்கு இருமல் டானிக் ஞாபகம். நாலு வருஷம் பீப்பாயில வச்ச வி.எஸ்.ஓ.பி.ங்கற ரகம்தான் என் ஓட்டு, மரமும் கரும்பும் சண்டை போடாம பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. ஆறு வருஷ எக்ஸ்.ஓ. இன்னும் கனம், சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கறவங்களுக்கு. ஆனா காசு அதிகம் குடுத்தா நமக்கும் அதிகமா புடிச்சே ஆகணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லையே.

பீர் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இங்க பீர்னாலே ஃபீனிக்ஸ்தான், 1963லேர்ந்து வருது, 5 சதவீதம், வெயில் நேரத்துல கஜாக்கோட, அதாவது சைடு டிஷ்ஷோட அடிக்க அதை மிஞ்ச ஆளில்ல, கூட சுடச்சுட காத்தோ பிமா இருந்தா போதும், அது நம்ம பருப்பு வடையோட ஒண்ணுவிட்ட தம்பி. கிராஃப்ட் பீர், அதாவது சின்ன அளவுல காய்ச்சற பீர் வேணும்னா பகாத்தெல் மால்ல ஃப்ளையிங் டோடோ இருக்கு, அங்கயே காய்ச்சி ஊத்தறாங்க. ஆனா 'பேரல் ஏஜ்டு', அதாவது பீப்பாயில வச்சதுன்னு மெனுல போட்டா கண்ணை மூடிட்டு ஆர்டர் பண்ணாதீங்க, பேர் வேண்டாம், கடற்கரைப் பக்கம் ஒரு பார்ல அப்படி ஒரு ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர் வாங்கினேன், பாதி வெதுவெதுப்பு, பாதி புளிப்பு, கேட்டா பேரல்னா அப்படித்தான் இருக்கும்னு எனக்கே வகுப்பு எடுத்தாங்க. ரம் மாதிரி காட்டமான சரக்குல எந்தக் கிருமியும் பிழைக்காது, பீர் அப்படி இல்ல, மரத்து இடுக்குல இருக்கற ஈஸ்ட்டு, பாக்டீரியா எல்லாம் உள்ள புகுந்து விளையாடிடும். பெல்ஜியத்துல லாம்பிக்னு ஒண்ணு, அதை ஒண்ணுலேர்ந்து மூணு வருஷம் பீப்பாயில விட்டு வேணும்னே புளிக்க வைப்பாங்க, அது கலை. சிகாகோல கூஸ் ஐலண்ட்காரங்க 1990கள்ல பர்பன் பீப்பாயில ஸ்டவுட்டை ஊத்தி இந்த ஃபேஷனைக் கிளப்பி விட்டாங்க, அந்த பீர் காட்டமே 10 சதவீதத்துக்கு மேல, அதனால தாங்குது. நான் குடிச்சது ரெண்டும் இல்ல, கெட்டுப்போனது.

திரும்பற வழில ரோஸ் ஹில்ல அண்ணன் வீட்டுல இறங்கினோம். அவங்க அப்பா சமையக்கட்டு அலமாரியத் திறந்து காட்டினார், அஞ்சாறு ஜாடி, வெள்ளை ரம்ல வெனிலா, ஆரஞ்சுத் தோல், லிச்சி, இஞ்சின்னு போட்டு மாசக்கணக்கா ஊறுது. ரம் அராஞ்சேன்னு வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம் இருக்கும். "பீப்பாய் எதுக்கு தம்பி, பொறுமை போதும்"னார். அவரும் விரதம்தான், ஆனாலும் ஜாடியை ஆட்டி வெளிச்சத்துல நிறம் பாக்கற பழக்கம் மட்டும் விடல.

ஊருக்கு வாங்கிட்டுப் போறவங்க கவனிங்க, இந்தியால ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் டூட்டி இல்லாம விடுவாங்க. பாட்டில் 70 சென்டி லிட்டர், ரெண்டு வாங்கினா 1.4, மூணு வாங்கினா 2.1. அந்த 100 மில்லிக்காக சென்னை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரரோட வழக்காடாதீங்க, ரெண்டை பெட்டில போடுங்க, மூணாவதை கிளம்பறதுக்கு மொத நாள் ராத்திரி இங்கயே எங்ககிட்ட குடுத்துடுங்க.